மான்ச்சினைத் தொழிற்கட்சியில் எங்கே அமர்த்துவது?

அமெரிக்க அரசியல்வாதிகளைப் பிரிட்டனின் கட்சிகளுக்குள் பங்கிட்டுப் பார்ப்பது ஒப்பீட்டு அரசியல் பயில்வோருக்கு விருப்பமான விளையாட்டு. பெர்னி சாண்டர்ஸ் தொழிற்கட்சியின் இடதுசாரி அணிக்கு. சூசன் காலின்ஸ் பழமைவாதக் கட்சியின் மிதவாதிகளோடு. டிரம்ப் நைஜல் ஃபராஜின் பக்கத்தில். கருத்துகளை மட்டும் அளந்தால் இப்பங்கீடு ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் கட்சி என்ற சொல் இரு நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதாக எண்ணுமிடத்தில் பிழை நுழைகிறது.

ஜோ மான்ச்சினை எடுத்துக்கொள்ளலாம். 2021இல் செனட் 50க்கு 50 எனச் சமமாகப் பிரிந்திருந்தது; ஆளும் தரப்பில் ஒரு வாக்குப் பிறழ்ந்தாலும் தோல்விதான். குழந்தைகளுக்கான வரிச்சலுகை அவ்வாண்டு விரிவாக்கப்பட்டு, பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணமாகவே சென்றது. அதை நீட்டிக்கவிருந்த பைடனின் சட்டமுன்வடிவை டிசம்பரில் ஆதரிக்க மறுத்தார் ஜனநாயகக் கட்சியின் மான்ச்சின். முன்வடிவு அங்கேயே நின்றது. துணை அளவீட்டின்படி 2021இல் 5.2 விழுக்காடாக இருந்த குழந்தை வறுமை, 2022இல் 12.4 விழுக்காடாயிற்று, அதில் இவ்வுதவி நின்றுபோனதற்குப் பெரும்பங்கு உண்டு. செனட்டின் எரிசக்திக் குழுத் தலைவர் பதவியோ மான்ச்சினிடமே இருந்தது.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 2024 ஜூலையில் நிகழ்ந்ததை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் பேச்சு குழந்தை வறுமை பற்றியதே. இரண்டு குழந்தைகளுக்கு மேல் நலத்தொகை இல்லை என்னும் வரம்பை நீக்கக் கோரிய திருத்தத்தைத் தொழிற்கட்சி உறுப்பினர் எழுவர் கொறடா உத்தரவை மீறி ஆதரித்தனர். 363க்கு 103 என்று திருத்தம் தோற்றது. அரசுக்கு ஒரு கீறலும் இல்லை. எனினும் எழுவரும் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து ஆறு மாதங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

பெரும்பான்மை மிகுந்த கட்சிக்குக் கண்டிப்பு எளிது என்று மறுக்கலாம். இருந்த ஒற்றை இடப் பெரும்பான்மையும் பறிபோன வேளையில், 2019 செப்டம்பரில், போரிஸ் ஜான்சன் 21 பேரை நீக்கினாரே! சர்ச்சிலின் பேரனும் அவர்களில் ஒருவர். வேட்பாளர் சீட்டு கட்சித் தலைமையின் பிடியில் இருப்பதால்தான் இது இயன்றது. அமெரிக்காவில் அந்தப் பிடி பிரைமரி தேர்தலின் வாக்காளர்களிடம் இருக்கிறது. மான்ச்சினின் மேற்கு வர்ஜீனியாவில் பைடனால் செய்யக்கூடியது ஏதுமில்லை. டிரம்பை எதிர்த்த லிஸ் சேனியின் பதவியை 2022 ஆகஸ்டில் முடித்துவைத்தவர்களும் வயோமிங் மாநிலப் பிரைமரி வாக்காளர்களே.

ஆகவே தொழிற்கட்சியில் வளர்ந்த ஒரு மான்ச்சின், ஒன்று, வேட்பாளராகவே தேர்வாகியிருக்க மாட்டார். அல்லது கொறடா காட்டிய வழியில் வாக்களித்துவிட்டுப் பின்வரிசையில் பெயர் தெரியாமல் அமர்ந்திருப்பார். அட்டவணையில் அவர் பெயரை எழுதுவோர் அமெரிக்க மான்ச்சினை அப்படியே தூக்கி வைக்கிறார்கள்.

சாண்டர்ஸையும் ஜெரமி கார்பினையும் இணைகளாகக் காட்டுவது இதைவிடப் பழைய வழக்கம். சாண்டர்ஸ் சுயேச்சையாகவே செனட்டுக்கு வென்றவர். 2016இலும் 2020இலும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று தோற்றவர். 2021இல் அதே கட்சியின் ஆதரவோடு செனட் நிதிநிலைக் குழுத் தலைவரானவர். கார்பின் தொழிற்கட்சிக்குத் தலைவராகவே இருந்தவர். 2024இல் இஸ்லிங்டன் வடக்குத் தொகுதியில் அக்கட்சியின் வேட்பாளரை எதிர்த்துச் சுயேச்சையாக வென்றே அவர் நாடாளுமன்றத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது.