நடப்பதற்கும் ஒரு சட்டம்

பொழுது விடியுமுன் பால்மரக் காட்டில் நடக்கத் தொடங்கும் கால்களுக்கு, ‘பொழுதுபோக்காக நடக்கிறார்கள்’ என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால், வாசக அன்பர்களே, இலண்டனில் அப்படித்தான் நடக்கிறார்கள். டிசம்பர் குளிர், மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருந்தும் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு தேம்ஸ் நதிக்கரையில் கூட்டமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

நண்பகலில் ‘பப்’பில் சாப்பாடு. உடனே அந்நாளைய தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைத்துவிடாதீர்கள்! குடிப்பவர் உண்டுதான், மறைப்பானேன்? ஆயினும் பிள்ளைகுட்டிகளோடு அமர்ந்து, வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்ணும் இடமும் அதுவே.

இந்த நடை சும்மா கிடைத்ததல்ல. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, சீமான்கள் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். நாடெங்கும் பொதுப் பாதைகளைப் பதிவுசெய்து காக்கும் சட்டம் 1949-இல் வந்தது. அதன் வழியில், தேம்ஸ் பிறக்கும் இடத்திலிருந்து இலண்டன் வரை ஏறத்தாழ 184 மைல் நீளும் நடைபாதை 1996-இல் திறக்கப்பட்டது. அது பெரிய பெரிய மாளிகைகளை ஒட்டியும் போகிறது. வீட்டுக்காரர் சன்னலில் நின்று பார்க்கலாம், “யாரைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தாய்?” என்று மட்டும் அதட்ட முடியாது.