பியர் விழாவும் ஒரு ரூபாய்ச் சேமிப்பும்

ஊர் கூடிப் பியர் விழா நடத்தி, மிஞ்சும் பணத்தை உள்ளூர் அறப்பணிகளுக்குக் கொடுப்பது இங்கிலாந்தில் எவரும் வியப்பாகக் கருதாத வழக்கம். ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள் ஊர் மண்டபத்தில் பீப்பாய்களை அடுக்கி, தன்னார்வலர்களைக் கொண்டு ஊற்றிக் கொடுத்து, செலவு போக நிற்கும் தொகையை முதியோர் இல்லத்துக்கோ மருத்துவமனைக்கோ அளிக்கின்றன. இத்தகைய விழா ஒன்றைச் சித்தூரிலோ திருப்பதியிலோ நடத்தினால் என்ன என்ற கேள்வி எழுந்தால், 'புனிதத் தலத்தில் இது தகுமா' என்பதே முதல் மறுமொழியாக வரும். அம்மறுமொழி போதாது. திருமலையில் மது, புகையிலை, புலால் மூன்றும் தடைசெய்யப்பட்டவை. மலையடிவார நகரத்திலோ மதுக்கடைகள் உண்டு. கடையில் விற்கலாம், விழாவில் விற்கலாகாது என்று சொல்ல வேண்டுமானால் அதற்குப் புனிதத்தைவிட உறுதியான காரணம் தேவை. அக்காரணம் இம்மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவை ஒப்புக்கொள்ள வேண்டும். குடியையும் அறத்தையும் இணைப்பது புதுமையன்று. இடைக்கால இங்கிலாந்தில் திருச்சபைப் பங்குகள் தாமே ஏல் என்னும் மதுவை வடித்து, ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில் விற்று, அந்தப் பணத்தில் கோயிலைப் பழுதுபார்த்தன, ஏழைகளுக்கும் உதவின. பதினேழாம் நூற்றாண்டில் தூய்மைவாதிகளின் எதிர்ப்பால் அது தேய்ந்தது. அந்த ஏற்பாடு நியாயமாக நடந்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். அது ஆண்டுக்குச் சில நாட்களே நிகழ்ந்தது. கணக்கு ஊரார் அறிய எழுதப்பட்டது. குடித்தவர்களும் பயன்பெற்றவர்களும் ஒரே ஊரின் ஆண்களும் பெண்களுமாக இருந்தார்கள்.

இம்மூன்றும் பொருந்தாத இடத்தில் என்ன நேரும் என்பதை ஸ்காண்டிநேவியா காட்டியது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரம் 1865இல் சாராய விற்பனையைத் தனி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. பங்குதாரருக்கு அளவான ஈவு போக, எஞ்சிய இலாபம் பொதுக் கருவூலத்துக்குச் சென்றது. விற்பனையைக் குறைப்பதே நோக்கம். ஆனால் விற்பனை குறைந்தால் நகரின் வரவும் குறையும் என்ற முரண் விரைவில் வெளிப்பட்டது. 1871இல் சட்டம் இயற்றிய நார்வே, இலாபம் நகராட்சியின் வழக்கமான செலவுக்குப் போகாமல் அறப்பணிகளுக்குப் போகுமாறு மாற்றியமைத்தது. நகரம் குடியைச் சார்ந்துவிடும் என்ற அச்சமே அதற்குப் பின்னணி. அங்கே பியர் விழாவின் நியாயம் அரசுக் கொள்கையாகவே உயர்ந்தது. சிக்கல் மட்டும் தீரவில்லை. சார்ந்திருக்கும் இடம் நகராட்சியிலிருந்து அறநிலையத்துக்கு நகர்ந்தது, அவ்வளவே.

சித்தூர் இந்த விவாதத்துக்குப் புதியதன்று. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. மறு ஆண்டில் அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் விரிந்தது. மாகாணத்தில் மதுவிலக்கின் இரண்டாம் படி சித்தூரில்தான் வைக்கப்பட்டது. இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. குடிக்காதவர்களும் சிறு தொகை கொடுத்து, குடிப்பவர்களின் குடும்பங்களைக் காப்பது என்பதே அதன் உட்பொருள்.

அதே 1937இல் கல்வித்துறையும் இக்கேள்வியைச் சந்தித்தது. மாகாணங்களின் பள்ளிச் செலவுக்குக் கலால் வருவாய் துணைநின்ற காலம் அது. மதுவிலக்கைக் கொணர்ந்தால் பள்ளிகளை எப்படி நடத்துவது என்ற இக்கட்டிலிருந்தும் காந்தியின் வார்தா கல்வித் திட்டம் ஊக்கம் பெற்றது. கைத்தொழில் வழியே பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்றார் அவர். அத்திட்டத்தின் குறைகளைப் பலர் விவாதித்திருக்கிறார்கள். தந்தையின் குடியிலிருந்து பிள்ளையின் கல்விக்குப் பணம் வரக்கூடாது என்ற அதன் தொடக்கநிலைக் கவலைக்கோ இன்றும் விடை இல்லை.

மதுவிலக்கின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களின் வாழ்வாதாரத்தை அது பறித்தது, கள்ளச்சாராயத்துக்கும் வழிவிட்டது. 1954 நவம்பரில் ஆந்திர மாநிலத்தின் பிரகாசம் அரசு கவிழ்ந்தது மதுவிலக்குப் பிரச்சினையில்தான். ஆகவே 'தடை' ஒன்றே விடை என்று வாதிடுவது இப்பதிவின் நோக்கமன்று. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

அரசமைப்பின் 47ஆம் பிரிவு மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவதையும் மதுவிலக்கை நோக்கி முயல்வதையும் ஒரே பிரிவுக்குள் வைத்தது. தென்மாநிலங்கள் பின்னர் ஒன்றை விற்று மற்றொன்றை நடத்தின. 1980களில் என்.டி. ராமராவ் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கியது. அதே ஆண்டுகளில் 'வாருணி வாஹினி' என்ற பெயரில் அரசுச் சாராயம் சிறு பொட்டலங்களில் கிராமம் கிராமமாகச் சென்றது. மனைவி வாங்கிய மலிவு அரிசியின் மிச்சத்தைக் கணவனின் பொட்டலம் விழுங்கியது. தமிழ்நாட்டிலும் நிலை வேறன்று: 2023-24இல் டாஸ்மாக் வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு மதிப்புக் கூட்டு வரி. மது வருவாய்க்கு மாற்றாகப் பிறந்த விற்பனை வரியின் வழித்தோன்றலே இன்று மது வருவாயின் பெரும்பங்காக நிற்கிறது.

இந்தக் கணக்கை முதலில் உடைத்தவர்கள் பல்கலைக்கழகத்தினர் அல்லர். நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்கள் 1992இல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். போராட்டம் சித்தூர் உள்ளிட்ட பல மாவட்டங்களுக்குப் பரவியது. சாராய ஏலங்கள் தடுக்கப்பட்டன. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் நிதி நெருக்கடி காட்டி அது தளர்த்தப்பட்டது.

மதுவிலக்கு நிலைக்கவில்லை என்பதோடு பலர் இக்கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் போராட்டத்தின் நிலைத்த பயன் வேறிடத்தில் இருக்கிறது. சாராயக் கடை மூடிய நெல்லூர்க் கிராமங்களில் 'பொதுபுலட்சுமி' என்ற சேமிப்பு இயக்கம் எழுந்தது. ஒவ்வொரு பெண்ணும் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சேமித்தாள். ஆந்திரம் முழுவதும் பின்னர் வேரூன்றிய மகளிர் சேமிப்புக் குழுக்களுக்கு அது முன்னோடிகளுள் ஒன்றானது. சமூகம் தனக்குத் தேவையான பணத்தைத் தானே திரட்டிக்கொண்ட மெய்யான நிகழ்வு இது. குடிக்காமல் மிஞ்சிய பணமே அதன் மூலதனம்.

அரசு மட்டும் பழைய கணக்குக்கே திரும்பியது. படிப்படியான மதுவிலக்கை வாக்களித்து 2019இல் வந்த ஜகன்மோகன் ரெட்டி அரசு, சில்லறை விற்பனையைத் தானே எடுத்துக்கொண்டது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, அம்மஒடி, ஆசரா, சேயூத போன்ற நலத்திட்டங்களை நடத்தும் பொறுப்பை மாநில மதுபானக் கழகத்திடம் ஒப்படைத்தது. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கான உதவித்தொகை மதுபானக் கழகத்தின் சட்டபூர்வப் பணியானது. 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அரசு கடைகளை மீண்டும் தனியாரிடம் கொடுத்தது. கடை நடத்துபவர் மாறினாலும் மது வருவாயைச் சார்ந்திருக்கும் நிலை மாறவில்லை. அறத்துக்காக மது விற்கும் விழா ஆந்திரத்தில் ஏற்கெனவே ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

இனி, உள்ளூர்ப் பியர் விழாவின் ஆதரவாளர்கள் ஒன்று கேட்கலாம்: 'அரசு செய்வது பெருவணிகம், நாங்கள் கேட்பது வசதியுள்ளோர் விரும்பி வந்து கலந்துகொள்ளும் ஒருநாள் நிகழ்வு. அதில் என்ன தீங்கு?' கேள்வி நேர்மையானது. விடை இரண்டு பகுதிகளை உடையது.

முதலாவது, குடிப்பவர் யார், சுமப்பவர் யார் என்பது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 19 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். பெண்களில் ஒரு விழுக்காட்டினர் மட்டுமே. பங்கு விழாவில் குடித்தவர்களும் பயன்பெற்றவர்களும் ஒரே சமூகத்தினர். இங்கோ ஒரு பாலர் குடிக்க, மறு பாலர் விளைவைச் சுமக்கின்றனர். கைவிடப்பட்ட பெண்களுக்கான இல்லத்துக்கு அந்த மேடையிலிருந்து காசோலை நீட்டப்பட்டால், அதைப் பெறும் கையின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விழா விற்பது பியரை மட்டுமன்று. நற்சான்றையும் சேர்த்தே விற்கிறது. இந்தியாவில் தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு இடமில்லை. அதனால்தான் மது நிறுவனங்களின் பெயர்கள் குடிநீர்ப் புட்டியிலும் சோடாவிலும் இசைத் தட்டிலும் உலவுகின்றன. அறக்கட்டளையின் பெயரோடு சேர்ந்த விழாப் பதாகை அவற்றுக்கு இன்னொரு வாசலைத் திறக்கும். திரளும் தொகை சிறிதாக இருக்கலாம். வாங்கப்படும் மதிப்போ பெரிது. கல்லூரிகள் நிறைந்த திருப்பதியில் அந்தப் பதாகையை முதலில் படிப்பவர்கள் மாணவர்கள்.

திருப்பதிக்குக் கொடை புதிதன்று. 1985இல் தொடங்கிய தேவஸ்தானத்தின் நித்திய அன்னதானம், கொடைகளை வங்கியில் இட்டு அதன் வட்டியில் நாள்தோறும் பல்லாயிரவருக்கு உணவளிக்கிறது. கொடுத்தவர் திரும்ப எதையும் அருந்தவில்லை. ஆயினும் மலைமேல் உண்டியல் நிறைவதால் ஊரின் சிறு இல்லங்கள் நிறைந்துவிடுவதில்லை. மறுவாழ்வு மையத்துக்கும் ஆதரவற்றோர் பள்ளிக்கும் வேறு பணம் வேண்டும் என்ற பியர் விழா ஆதரவாளரின் கவலை உண்மையானது. அதைக் கேலிசெய்து ஒதுக்குவது தவறு.

அந்தக் கவலைக்கு அண்டை மாவட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வழிசொல்லிவிட்டது. விழா நடக்கட்டும், பாட்டும் கூத்தும் உணவும் இருக்கட்டும். வருகிறவர் தாம் அன்று வாங்காமல் விட்ட ஒரு புட்டியின் விலையை அங்கே கொடுக்கட்டும். வரவுசெலவு அன்றே பலகையில் எழுதப்படட்டும். திரளும் தொகை பியர் விழாவின் வரவைவிடக் குறையலாம். ஆனால் அந்த நிதி பெருகுவதற்கு ஊரில் எவரும் கூடுதலாகக் குடிக்க வேண்டியதில்லை. எந்த அறநிதிக்கும் இது ஒன்றையே முதல் நிபந்தனையாகக் கொள்ளலாம்: தான் ஆற்ற முனையும் துயரம் வளர்ந்தால் தன் வரவும் வளரும் என்ற நிலை அதற்கு இருக்கக்கூடாது. பியர் விழா இந்த நிபந்தனையில் தோற்கிறது. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சேர்த்த பெண்களின் நிதி தேறியது.