பாட்டியின் பெயரில் ஒரு பொய்க் கணக்கு

கரோல் பாக்கில் நான் தங்கியிருக்கும் அறைக்கு எதிர்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். சேலம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்; வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தி பேசுவார், எந்த மொழியும் படிக்கத் தெரியாது. ஒரு மாலை, தனியார் மருத்துவமனை ஒன்றில் கொடுத்தனுப்பிய தாளை என்னிடம் நீட்டி, “இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி” என்றார்.

படித்தேன். காய்ச்சலுக்காக இரண்டு இரவு படுத்திருந்தவருக்கு ஐந்து நாள் தீவிர சிகிச்சை அளித்ததாகத் தாள் சொன்னது. அரசின் காப்பீட்டு அட்டையைக் காட்டித்தான் அங்கே சேர்ந்திருந்தார். விவரம் சொன்னதும் பாட்டி சிரித்தார். “போனாப் போகுது தம்பி. நம்ம காசா? சர்க்கார் காசுதானே!”

நண்பர்களே, அது சர்க்கார் காசுதானா? பிரதமரின் ஜன் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை அது ஏற்கிறது. 2024 அக்டோபரில், வருமானம் பாராமல், எழுபது வயது நிரம்பிய அனைவருக்கும் அது விரிந்தது. 2025 ஏப்ரலில் தில்லியும் சேர்ந்து, தன் பங்காக மேலும் 5 லட்சம் அளித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு அல்லவா? பொய்யாக எழுதிய ஒவ்வொரு நாளும் பாட்டியின் வரம்பிலிருந்தே கழிகிறது. நாளை மெய்யாகவே நெஞ்சு வலித்தால், குறைந்துபோன தொகைதான் அவருக்கு மிஞ்சும். களவு போனது பாட்டியின் சொத்து!

இஃது ஓர் இடத்துக் கதையன்று. மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. முன்பே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சை அளித்ததாக 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்ததை அது வெளியிட்டது. 2009-லேயே காப்பீட்டுத் திட்டம் கண்ட மாநிலம் நம்முடையது என்று பெருமை பேசுகிறோம். தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களின் மேல் 4,761 பதிவுகள் இருந்ததையும் அதே அறிக்கைதான் சொல்லிற்று. ஆய்வுக்கூடத்தில், எடுக்காத அளவை எடுத்ததாக நோட்டில் எழுதும் மாணவனை நாங்கள் மன்னிப்பதில்லை. இறந்தவனுக்கு வைத்தியம் பார்த்ததாக எழுதுகிறவனை மட்டும் மன்னிக்கலாமா?

பொய் காகிதத்தோடு நிற்பதுமில்லை. 2024 நவம்பரில் குஜராத்தின் போரிசணா கிராமத்தில் முகாம் நடத்தி, 19 பேரை அகமதாபாத்திலுள்ள தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். ஏழு பேருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், இருவர் மாண்டனர். காப்பீட்டுப் பணத்திற்காகத் தேவையற்ற சிகிச்சை செய்தார்கள் என்பது வழக்கு.

“ஏமாற்றுக்குத்தான் பொதுச் சட்டம் இருக்கிறதே, பட்டியலிலிருந்தும் நீக்குகிறார்களே” என்பர் சிலர். உண்மை. ஆனால் பட்டியலிலிருந்து நீக்கினால் பாட்டியின் வரம்பு திரும்பி வருமா? அவர் பெயரில் ஏறிய பொய் நோய் அழியுமா? நான் புகார் மனு எழுதிக் கொடுத்தேன். பாட்டி கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். “நாளைக்கு முடியாமப் போனா மறுபடி அங்கதானே தம்பி போகணும்?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது சட்டம்.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. தில்லிச் சட்டமன்றத்திற்கு விலக்கப்பட்டவை பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் ஆகிய மூன்றே. ஆகவே தில்லியும் தமிழ்நாடும் தாமே சட்டம் இயற்றலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின்போது, 1863-இல், பொய்க் கணக்கு காட்டி அரசிடம் பணம் பறித்தவர்களுக்கெதிராக ஒரு சட்டம் வந்தது. களவை வெளிப்படுத்தி வழக்கிடுபவனுக்கு மீட்ட பணத்தில் ஒரு பங்கு அதில் உண்டு. பின்னாளில் பல மாநிலங்கள் ஏழைகளின் மருத்துவத் திட்டத்தைக் காக்க அதே வழியில் தம் சட்டங்களை இயற்றின.

நம் சட்டத்தில் மூன்று வேண்டும். தன் பெயரில் எதற்கு, எவ்வளவு கேட்கப்படுகிறது என்பதை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்ட வேண்டும். புகார் சொல்லும் நர்ஸுக்கும் குமாஸ்தாவுக்கும் நோயாளிக்கும் பாதுகாப்பு வேண்டும். பொய் நிரூபணமானால், தண்டனையோடு, கழித்த தொகை நோயாளியின் கணக்கில் திரும்ப ஏற வேண்டும். நேர்மையான மருத்துவமனைக்கு உரிய பணத்தைக் காலத்தில் கொடுக்கும் கடமையும் அரசுக்கு உண்டு. 2025 ஆகஸ்டில் அரியானாவின் தனியார் மருத்துவமனைகள் பாக்கிக்காகவே இத்திட்டத்தின் சிகிச்சையை நிறுத்தின.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தலைநகரில் படிக்க வந்திருக்கும் நமக்கு நான்கு எழுத்து தெரியும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் தெருக்களில் வாழும் தமிழ்த் தாய்மாரின் மருத்துவத் தாள்களைப் படித்துச் சொல்லக் கூடாதா? இச்சங்கம் இதை ஏற்குமானால், முதல் ஞாயிறு நான் வருகிறேன். அந்த மனு இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது.