போரை விளையாட்டாக்கலாமா?

சின்னச் சின்னப் பாய்க்கப்பல்களை மேசையில் நகர்த்தி விளையாடும் கடற்சமர் விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றால், "போரையா விளையாடுவது?" என்கிறார்கள். போரைக் கண்ட நாம் அப்படிக் கேட்பது நியாயம்தான்.

ஆனாலும், 1782 செப்டெம்பர் 3இல் திருகோணமலைக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதியதை வெறும் திகதியாகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு விளங்கும்? மேசையில் காற்றின் திசையைக் குறித்துவிட்டு நகர்த்தினால், பாய்க்கப்பல் காற்றை எதிர்த்து நேரே போகாது என்பது விளங்கும். வடகீழ்ப் பருவக்காற்றில் இந்தியாவின் கிழக்குக் கரையில் ஒதுங்க இடமில்லாதவர்கள் நமது துறைமுகத்துக்கு ஏன் அடிபட்டார்கள் என்பதும் விளங்கும்.

ஒரு குறை உண்டு. கரையில் இருந்த நம்மவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. "அவர்களிடம் யார் கேட்டார்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்க வைப்பதுதான் ஆசிரியர்களாகிய நமது வேலை.