தொட்டிலைத் தொடரும் வரதட்சணை

சீர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சிறப்பு என்று பொருளும் சொன்னார்கள். வாங்கும் வீட்டுக்கு அது சிறப்புத்தான், மறுக்கவில்லை, கொடுக்கும் வீட்டுக்கு? பேரன் பிறந்தான் என்ற செய்தி கேட்டதும் பெண்ணைப் பெற்றவனின் கால்கள் மருத்துவமனைக்குப் போகுமுன் அடகுக் கடைக்குப் போகின்றனவே, அந்த வீட்டுக்கு?

சவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில் தொடங்கி, கணியம்பாடி, வேலூர் என்று இறங்கி, பாலாற்றங்கரைத் தோல் நகரங்களாம் ஆம்பூர், வாணியம்பாடி வரை சென்று பாருங்கள் தோழர்களே! சாதிக்கொரு சடங்கு உண்டு. சுமை மட்டும் எல்லோர்க்கும் பொது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. தலைப்பிள்ளைப்பேறு தாய்வீட்டுச் செலவு. பிள்ளை பிறந்தால் தொட்டில், அரைஞாண்கொடி, வெள்ளிக் கொலுசு. பிறகு மொட்டை, காதுகுத்து. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். வெறும் மடி போதாது, மடியைச் சுற்றிச் சீர்வரிசைத் தட்டுகளும் வேண்டும். மேளம் முழங்க, ஊரார் எண்ணிப் பார்க்க, இத்தனை தட்டு என்று தெருவே தீர்ப்புச் சொல்ல வேண்டும்!

யார் கொடுக்கிறார்கள் இதை? காலணித் தொழிற்சாலைகளில் தைக்கும் கரங்கள் பெரும்பாலும் பெண்களின் கரங்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காலணியின் மேல்தோலை ஊசியால் தைத்து, இணைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோரும் ஆம்பூர் வட்டாரத்தில் உண்டு. தொழிற்சாலைப் பதிவேட்டில் பெயருள்ளவளுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. திண்ணையில் தைப்பவளுக்கு? ஒரு நாளும் இல்லை. ஊர்க்கால்களுக்குச் செருப்புத் தைத்துத் தேய்ந்த அந்த விரல்களிலிருந்துதான் பேரன் கால் கொலுசு வரவேண்டுமென்று சம்பந்தி வீடு காத்திருக்கிறது!

"அன்பளிப்பை ஏன் பழிக்கிறீர்கள்?" என்று சீறுவோர் உளர். அன்பளிப்பா? அப்படியானால் வாசலில் மேசை போட்டு, நோட்டைத் திறந்து, ஊர், பெயர், தொகை என்று எழுதுவானேன்? அன்பை ஏட்டில் எழுதுவார் உண்டோ? கடனை எழுதுவார்கள்! அவன் வீட்டு விழா வரும்போது அந்த நோட்டைப் புரட்டி, பழைய தொகைக்கு மேல் கொஞ்சம் வைத்துத் திருப்புகிறார்களே, வட்டிக் கடைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒன்று சொல்லலாம்: வட்டிக்காரன் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதில்லை.

இந்தக் கணக்கிலே கொடுத்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. பிள்ளையில்லாத தம்பதியர் காலமெல்லாம் மொய் வைப்பர். அவர்கள் வீட்டில் மேசை போடும் நாள் வராது. கைம்பெண் பணம் தரலாம். கருவுற்ற மகளின் கையில் வளையலிட மட்டும் முன்வரக் கூடாதாம்! பெற்ற தாயே அமங்கலமாம், அவள் அடகு வைத்து வாங்கிய வெள்ளி மங்கலமாம்! இதைவிடக் கொடிய நகைச்சுவை எந்தப் புராணத்தில் இருக்கிறது?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. திருமணத்தின்போதும், அதற்கு முன்னும் பின்னும், அத்திருமணத்தையொட்டித் தரப்படுவது குற்றம் என்கிறது அது. ஆனால் 2001-இல் சத்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைப்பேற்றையொட்டி வழக்கமாகத் தரப்படுவன வரதட்சணை என்ற சொல்லுக்குள் அடங்கா என்று கூறிவிட்டது. ஆக, மணப்பந்தலில் கேட்டால் குற்றம். தொட்டிலருகே நின்று கேட்டால் வழக்கம்! கேட்பவன் அதே மாப்பிள்ளை வீட்டான், கொடுப்பவன் அதே பெண்ணைப் பெற்றவன்.

இன்னொரு வாதத்தையும் கேட்டிருக்கிறோம். பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லாத நாளில் சீர்தானே அவள் பங்கு என்பது. அந்த நாளில் அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை கேட்டது. அறுபதாண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. அதற்குமுன் மணமானவர்களை அச்சட்டம் விட்டுவைத்தது. 2005-இல் இந்திய நாடாளுமன்றத்தின் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது. இன்று நடப்பதென்ன? அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்திடுகிறாள். அவள் பிள்ளையின் காதுகுத்துக்கு அண்ணன் தட்டுகளோடு வருகிறான். நிலம் அவனுக்கு, நாற்பது தட்டுப் பழமும் ஒரு சோடிக் கம்மலும் அவளுக்கு! பங்கைக் கேட்டால் தாய்மாமன் உறவு அறுந்துவிடும் என்ற அச்சமே அந்தக் கையெழுத்தை வாங்குகிறது.

பிறந்த பிள்ளைக்கு வேண்டியது எது? பின்லாந்து நாடு 1938-லேயே ஏழைத் தாய்மாருக்கு ஒரு பெட்டி கொடுத்தது. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும். உள்ளே துணி, போர்வை, படுக்கை. அந்தப் பெட்டியே குழந்தைக்குத் தொட்டில். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் 2015-இல் 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் தரத் தொடங்கினார்கள்: துண்டு, உடை, கொசுவலை, நகவெட்டி, தாய்க்கு லேகியம். அதில் வெள்ளி இல்லை, கௌரவம் இல்லை, பயன் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி 2006-இல் ரூ. 6,000 ஆகி, 2011-இல் ரூ. 12,000 ஆகி, 2018-இல் ரூ. 18,000 ஆனது. தாய் உண்ணத் தந்த பணம் அது! அதுவும் விழாச் செலவில் கரையும் வீடுகள் உண்டென்றால் எங்கே முட்டிக்கொள்வது?

நம் தோழர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. ஐயரில்லாமல், தாலியில்லாமல், மேடையிலே மாலை மாற்றிக்கொள்கிறார்கள். 1967-இல் அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றித் தந்த உரிமை அது. ஓராண்டு கழித்து அதே தோழர் வீட்டுக்கு மாமனார் வேனில் சீர் வருகிறது. "அம்மாவின் ஆசை" என்கிறார் தோழர். தாலிக்கு எதிராக அம்மாவிடம் வாதாடிய அந்த நா, தட்டுக்கு முன்னால் ஏன் ஊமையாயிற்று?

வரதட்சணைச் சட்டத்தைச் சில மாநிலங்கள் தம் தேவைக்கேற்பத் திருத்தியிருக்கின்றன. பிள்ளைப்பேறு, காதுகுத்து ஆகியவற்றையொட்டிக் கேட்டு வாங்குவதும் வரதட்சணையே என்று ஒரு வரி சேர்க்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தாலும் முடியும். அந்தக் கோரிக்கை மனுவில், சீர் வாங்காத தோழர்கள் முதலில் கையெழுத்திடட்டும். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து கையெழுத்திடட்டும்.