நெடுந்தீவுக்குப் படம் எதற்கு?

"குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத ஊருக்கு ஓவியக் கண்காட்சி ஒரு கேடா?"

என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் போன கிழமை கேட்டார். அவரைப்போல் வேறு சிலரும் கேட்டதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஓவியர்கள் ஏழெட்டுப் பேர், அநேகமாக எல்லோரும் சித்திர ஆசிரியர்கள், தங்கள் படங்களைச் சீலையில் சுற்றிக் குறிகட்டுவானில் படகேற்றினார்கள். நெடுந்தீவில் ஒரு பாடசாலை விறாந்தையில் இரண்டு நாள் வைத்தார்கள். வீட்டில் சும்மா இருக்கிறவன்தானே என்று நானும் போனேன். ஒரு மணித்தியாலக் கடல். எனக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர்ப் பிரச்சினை உண்மை. ஆனால் படம் போனதால் அங்கே ஒரு குடம் தண்ணீர் குறைந்ததா? கண்காட்சி போகாத இத்தனை வருஷமும் கேள்வி கேட்பவர்கள் தண்ணீரா கொண்டுபோனார்கள்? இல்லாத ஒன்றைக் காட்டி இன்னொன்றையும் மறுப்பது நியாயமில்லை.

நெடுந்தீவை நாங்கள் கீறாமல் விட்டதுமில்லை. குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, கல்வேலி எல்லாம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சுவரில் தொங்குகின்றன. அந்த ஊர்ச் சனம் மட்டும் அவற்றைக் கண்டதில்லை. அவர்களுடைய ஊரை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவது கலை, அவர்களுக்கே காட்டுவது வீண்செலவா?

ஒரு ஆச்சி கல்வேலிப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். "தம்பி, உது சீமெந்து வேலி. எங்கட வேலியில கல்லுக்கு மேல கல்லுத்தான். இடையில ஒண்டுமில்லை." கீறியவர் எதிரே இருந்த வேலியைப் பார்த்தார், தன் படத்தைப் பார்த்தார், பேசாமல் இருந்தார். எந்த விமர்சகர் இதைச் சொல்லியிருப்பார்?

பிறகு ஒரு முதியவர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்: "குதிரையெல்லாம் கீறியிருக்கிறியள். குமுதினியைக் கீறேல்லையோ?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1985 மே 15ஐ எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் படகில் பச்சைக் குழந்தை உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். நாங்களும் அதே கடலால்தான் படங்களோடு போயிருந்தோம்.

யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கிய எஸ். ஆர். கனகசபை ஒரு சித்திர வித்தியாதரிசி. இங்கே இந்தக் கலையை வளர்த்தவர்கள் வாத்திமார்தான். அதற்குப் பாடசாலை விறாந்தையைவிடப் பொருத்தமான இடம் எது?

எனக்கும் ஒரு குறை உண்டு, அது ஓவியர்கள்மேல். கொண்டுபோன படங்களை ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த விறாந்தையில் ஒன்றையாவது விட்டுவந்திருக்கலாம். அடுத்த முறை போகும்போது, அந்த முதியவர் கேட்டதையும் கீறிக்கொண்டு போகட்டும்.