வலிக்காத புண்

கல்வராயன் மலையில் கடுக்காய் பறிக்க மரம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், தேன் எடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிளை முறிந்து மல்லாக்க விழுந்தால் தண்டுவடத்தில் அடி. கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தால் சேலம் நெடுஞ்சாலை இருக்கிறது, பைக் விபத்துக்குக் குறைவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய், உயிர் மட்டும் பிழைத்து வீடு வந்து சேர்கிறவருக்கு அடுத்த ஆபத்து ஒரு ரூபாய் நாணய அளவில்தான் ஆரம்பிக்கும். படுக்கைப் புண்.

"அவருக்கு வலியே இல்லைங்க, அதான் பெருசா எடுத்துக்கல" என்று வீட்டில் சொல்வார்கள். வலி இல்லாததுதான் இந்த நோயே. நீங்களும் நானும் இதைப் படித்து முடிப்பதற்குள் நாலைந்து தடவை அசைந்து உட்கார்ந்திருப்போம். பிட்டம் வலித்தது, மூளைக்குத் தகவல் போனது, நமக்கே தெரியாமல் நகர்ந்தோம். தண்டுவடம் அறுந்தவருக்கு அந்தத் தகவல் போவதே இல்லை. எலும்புக்கும் பாய்க்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் ஓடாமல், சில மணி நேரத்தில் சாக ஆரம்பிக்கும். அழுத்தம் அதிகம் இருப்பது எலும்பை ஒட்டி என்பதால் அழுகல் உள்ளிருந்து வெளியே வரும். தோலில் நாணய அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே ஒரு கொய்யாப்பழம் உட்காரும் அளவுக்குக் குழி இருக்கலாம். அதன் கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 2004-ல் இறந்தபோது இப்படி ஒரு புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குத்தான் சிகிச்சையில் இருந்தார். பணத்துக்கோ நர்ஸுக்கோ அவருக்குக் குறையில்லை.

வலியின்மை என்றால் என்ன என்பதை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் வேலூரில் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றியபோது 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தன. அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோயிலும் இதே கதைதான்: உணர்வு போகிறது, சூடும் கீறலும் தெரியாமல் புண் வருகிறது. உணர்வில்லாத கைகளைச் சரிசெய்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. 1966-ல் வேலூர் பாகாயத்தில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் அவருடைய முயற்சியில் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

சரி, புண் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் ஆறிவிடுமா? மேலோட்டமான புண் என்றால் ஆபரேஷனே வேண்டாம். அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, டாக்டர் சொல்கிறபடி கட்டுப்போட்டு வந்தால் ஆறும். கொழுப்பு, தசை, எலும்பு வரைக்கும் போனதற்குத்தான் பெரும்பாலும் கத்தி தேவைப்படும். முதலில் செத்த சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்வார்கள். எலும்பில் சீழ் பிடித்திருந்தால் அந்தப் பகுதியைச் செதுக்குவார்கள். பிறகு குழியை மூட வேண்டும். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து மேலே ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். எலும்பு துருத்தும் இடத்தில் அந்தத் தோல் தாங்காது. அதனால் பக்கத்திலேயே தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசை என்று கனமான ஒரு துண்டை, அதற்கு வரும் ரத்தக்குழாய் அறுபடாமல், அப்படியே திருப்பிக் கொண்டுவந்து குழியில் வைத்துத் தைக்கிறார்கள். இதற்கு 'ஃபிளாப்' என்று பெயர். முதுகின் அடிப்பகுதிப் புண்ணுக்குப் பிட்டத்திலிருந்தும், உட்காரும் எலும்புப் புண்ணுக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்தும் எடுப்பது வழக்கம்.

"உணர்வுதான் இல்லையே, மயக்க மருந்து எதுக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். மார்புக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, உணர்வில்லாத இடத்தைத் தொட்டாலும் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம்.

இனி சொல்லப்போவதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இந்த ஃபிளாப்புக்கு உடம்பில் இருக்கும் கையிருப்பு கொஞ்சம்தான். ஒரு தடவை திருப்பிவைத்த சதை மறுபடி புண்ணானால் அதையே இன்னொரு தடவை நகர்த்த முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு, எல்லோருக்கும் அல்ல. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு திருப்பி வைக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம். அறுவை சிகிச்சை குழியைத்தான் மூடுகிறது. குழி விழக் காரணமான அழுத்தம் அதே பாயில் வீட்டில் காத்திருக்கும். அதனால் முதல் ஆபரேஷனை விதைநெல் மாதிரி நினைக்க வேண்டும். வீடு தயாராகாமல் அதைச் செலவழித்துவிடக் கூடாது.

தயாராவது என்றால்? முதலில் சாப்பாடு. பெரிய புண்ணில் வடிகிற நீரோடு தினமும் புரதம் வெளியேறுகிறது. மலையில் வயிறு நிறையக் கிடைப்பது மரவள்ளிக் கிழங்கு. அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். முட்டை, கொள்ளு, பருப்பு, வேர்க்கடலை, கருவாடு எது முடிகிறதோ அதைச் சேர்க்க வேண்டும். ரத்தசோகையைச் சரிசெய்ய வேண்டும், சர்க்கரை இருந்தால் அதையும். பீடி கட்டாயம் நிற்க வேண்டும். அது ரத்தக்குழாயைச் சுருக்கும், தைத்த சதை கறுத்துப்போகும். கால்கள் தானாக வெட்டி இழுக்கிறவர்களுக்கு அதை அடக்க மருந்து வேண்டும், இல்லாவிட்டால் தையல் பிய்ந்துவிடும்.

அடுத்தது ஆள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவையுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இது இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் டாக்டர் லுட்விக் குட்மன் இரவும் பகலும் கறாராகக் கடைப்பிடிக்கவைத்த முறை. அதுவரை தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். (அதே மருத்துவமனை மைதானத்தில் அவர் 1948-ல் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆனது. நம் சேலம் மாரியப்பன் தங்கவேலு பதக்கம் வாங்கியதற்குப் பின்னால் இப்படி ஒரு வார்டு இருக்கிறது.) ஆனால் குட்மனிடம் இரவு ஷிப்ட்டுக்கு ஆள் இருந்தது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு குச்சு வீட்டில் மனைவி ஒருத்திதான். பகலில் கூலிக்குப் போய்விட்டு ராத்திரி நாலு தடவை எழுந்து ஓர் ஆம்பளையைப் புரட்டு என்று சொல்வது சுலபம்.

ஒரு வழி, குப்புறப் படுக்கப் பழக்குவது. மூச்சுத் திணறல் இல்லாதவர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். மார்புக்கும் தொடைக்கும் அடியில் இலவம்பஞ்சுத் தலையணை வைத்தால் இடுப்பெலும்பும் முட்டியும் தரையில் படாது. குப்புறப் படுக்கும்போது பின்பக்கம் முழுக்க ஓய்வெடுக்கும், திருப்பும் இடைவெளியையும் கூட்டலாம். காற்று மெத்தை நல்லதுதான், மின்சாரம் போனால் மெத்தை இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லாரி டியூபை வளையமாக்கி அதன்மேல் உட்காரவைப்பது வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். கன்றிய இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவுவதும் கூடாது.

எங்கே போவது? கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தது. அங்கே முதலில் காட்டி, பிளாஸ்டிக் சர்ஜரி தேவை என்றால் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கவுன்ட்டரில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வர வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் போனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், இடுப்பின் பின்பக்கத்தையும் குதிகாலையும் படமெடுத்து அவரிடமே காட்டுங்கள். தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. 'சிவந்திருக்கிறதா' என்று தேடாதீர்கள். புத்தகங்கள் வெள்ளைத் தோலை வைத்து எழுதியவை. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்த திட்டாகத் தெரியும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும், அல்லது மாவு பிசைந்ததுபோலவோ கல் மாதிரியோ இருக்கும்.

ஃபிளாப் வைத்த பிறகு மூன்று முதல் ஆறு வாரம் அந்தப் பக்கம் பாரமே படக் கூடாது. தையல் பிரித்துவிட்டார்களே என்று அன்றைக்கே சக்கர நாற்காலியில் ஏற்றிவிடாதீர்கள். டாக்டர் அனுமதித்த முதல் நாள் பதினைந்து நிமிஷம்தான். இறக்கிப் படுக்கவைத்துத் தோலைப் பாருங்கள். கறுத்த தடம் அரை மணி நேரத்தில் மறைந்தால் அடுத்த முறை நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். மறையாவிட்டால் அன்றைக்கு அதோடு சரி. தடம் போன பிறகுதான் மறுபடி உட்காருவது.